நத்தை குத்தி நாரைக்கு ஒரு பங்கு

நடவு முடிந்து பத்து நாள் ஆன கழனியில் விடியற்காலை போய் நின்று பாருங்கள். பாகூர் ஏரிக்குக் கீழே எங்கள் இரண்டு காணியின் தலைமடையில் நான் அப்படித்தான் நிற்பேன். அழுக்கு வெள்ளை உடம்பும் கருத்த இறக்கையுமாக ஒரு நாரை சேற்றுத் தண்ணீரில் மெல்ல நடக்கும். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். அந்த அலகால் சேற்றைத் துழாவி ஒரு நத்தையை எடுக்கும். ஓட்டை உடைக்காது. நத்தையைச் சேற்றில் வைத்து அழுத்திக்கொண்டு, கீழலகின் கூர்முனையை மூடிக்குள் செருகி, சதையை அறுத்து வெளியே இழுத்து, தலையை ஒரு உதறு உதறி விழுங்கிவிடும். ஓடு முழுசாக அப்படியே கிடக்கும். ஒரு நாள் காலையில் வரப்போரமாக நடந்து எண்ணினேன். ஒன்பது ஓடுகள், ஒன்றில்கூட விரிசல் இல்லை.

அதுதான் நத்தை குத்தி நாரை. கொஞ்சம் தள்ளி மடையான் நண்டுக்குக் காத்திருக்கும். நண்டு வரப்பில் வளை போட்டால் இராவோடு இராவாகத் தண்ணீர் வடிந்துபோகும் என்பது நெல் வைத்தவர்களுக்குத் தெரியும். சேடை ஓட்டும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் ஓடிவந்து புழு பொறுக்கும். இவர்கள் யாரும் என்னிடம் கூலி கேட்டதில்லை.

நான் பிறந்தது வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் கூடப்பாக்கம், ஊசுட்டேரிப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது பாகூருக்கு. முப்பத்தோரு வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இப்போது நெல்லும் உளுந்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதுச்சேரியின் இரண்டு பெரிய ஏரிகளுக்கும் நான் சொந்தக்காரி என்று பெருமையாகச் சொல்வேன். அந்த உரிமையில்தான், ஆப்பிரிக்காவில் சிங்கத்தோடும் யானையோடும் காலம் தள்ளுகிற விவசாயிகளையும் மேய்ப்பவர்களையும் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர்கள் கதை நம் கழனிக் கதைதான் என்று எனக்குப் புரிந்தது ஒரு கெட்ட காலைப்பொழுதில்.

நாற்றங்காலில் கிடந்தவை

மூன்று வருடத்துக்கு முன், சம்பா நாற்று விட்ட நேரம். எங்கள் கழனிக்கு அடுத்த கழனிக்காரர் என்னிடம் படித்த பையன். இப்போது அவருக்கே கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். அவர் விதைத்த நாற்றங்காலில் மயில்கள் இறங்கி முளை நெல்லைக் கொத்திவிட்டன. மறுபடி விதை வாங்கி விட்டார். மறுபடியும் இறங்கின. மூன்றாம் முறை, நெல்லில் குருணை மருந்தைக் கலந்து வரப்பில் தூவிவிட்டார்.

காலையில் போனபோது மயில் எதுவும் இல்லை. நான்கு கொக்கு, இரண்டு மடையான், ஒரு மைனா, தவிட்டுக்குருவிகள் சில. ஒரு கொக்கின் கண் இன்னும் மூடவில்லை. கழுத்து மட்டும் பின்னால் வளைந்து, கால்விரல்கள் இறுகி, இறக்கை ஒரு பக்கம் சேற்றில் ஒட்டியிருந்தது. கோபத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலை குனிந்தபடியே நின்றார்.

"டீச்சர், மயிலைத் தொட்டா ஜெயில்னு தெரியும். ஆனா அது தின்ன நெல்லுக்கு யாருகிட்டப் போய் நிப்பேன்? யாரு தருவா?"

என்னிடம் பதில் இல்லை. தப்பு தப்புதான். ஆனால் அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். காட்டுயிரைக் காப்பது நல்லது என்று ஊர் உலகம் முழுக்கச் சொல்கிறது. அதற்கான செலவு மட்டும் இரண்டு மூட்டை விதைநெல்லாக ஒரு மனிதர் தலையில் இறங்குகிறது. அவருக்குப் பதில் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன். தேடல் என்னைக் கென்யாவில் கொண்டுபோய் விட்டது.

சிங்கத்துக்கும் அதே மருந்து

அந்தக் குருணை மருந்தின் பெயர் கார்போபியூரான். கென்யாவில் மாடு மேய்ப்பவர்கள், சிங்கம் அடித்துப் போட்ட மாட்டின் மிச்ச உடம்பில் இதே மருந்தைத் தூவிவைத்தார்கள். இரவில் மறுபடி தின்ன வந்த சிங்கம் செத்தது. அதைத் தின்ன வந்த கழுதைப்புலியும் பிணந்தின்னிக் கழுகுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்து, 2009இல் அந்த மருந்து கென்யக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

மாடு மேய்த்து வாழும் இந்த மாசாய் மக்கள் இயல்பிலேயே சிங்கத்தின் எதிரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. மாடு அவர்களுக்குச் சோறு, சொத்து, சீர் எல்லாமே. புல்லும் மழையும் போகிற வழியில் அவர்களும் போவார்கள், வரிக்குதிரையும் போகும், பின்னாலேயே சிங்கமும் போகும். நூற்றாண்டுகளாக அப்படித்தான் நடந்தது. பிறகு வெள்ளைக்காரர் ஆட்சி வந்து, விலங்குக்கு ஒரு பக்கம், மனிதருக்கு ஒரு பக்கம் என்று கோடு போட்டது. டான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியிலிருந்து 1959இல் மாசாய் மக்களை வெளியேற்றி, பக்கத்தில் உள்ள கொரொங்கொரோ மேட்டுக்கு அனுப்பினார்கள். விலங்கு அரசாங்கத்துச் சொத்தாகிவிட்டது. ஆனால் கோடு போட்டது சிங்கத்துக்குத் தெரியாதே. அது கோடு தாண்டி வந்து மாட்டை அடித்தால் நட்டம் மேய்ப்பவருக்கு. சுற்றுலாப் பயணி கட்டும் நுழைவுக் கட்டணமோ தலைநகருக்குப் போனது.

இந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்தவர்கள் கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் இருக்கிறார்கள். அங்கே ஒரு மாசாய் இளைஞன் வேலோடு போய்ச் சிங்கத்தைக் கொன்றால் அவனுக்கு ஒரு வீரப்பெயர் கிடைக்கும். 2007இல் தொடங்கிய 'சிங்கக் காவலர்' என்ற அமைப்பு, இதே இளைஞர்களையே சம்பளம் கொடுத்துக் காவலர்களாக வைத்தது. காலடித்தடம் பார்த்துச் சிங்கம் இருக்கும் இடத்தைச் சொல்வார்கள். அந்தப் பக்கம் மாட்டை ஓட்டாதே என்று மேய்ப்பவர்களுக்குப் போனில் தகவல் போகும். காணாமல்போன கன்றைத் தேடித் தருவார்கள். முள்வேலிப் பட்டி உடைந்திருந்தால் கட்டிக் கொடுப்பார்கள். சிங்கத்தைக் கொன்று பேர் வாங்கிய குலத்தில் பிறந்தவர்கள், இன்று ஒவ்வொரு சிங்கத்துக்கும் தாங்கள் ஒரு பேர் வைக்கிறார்கள். பேர் வைத்த உயிரை அடிக்கக் கை வராது. எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்குப் பேர் வைத்த நாளிலிருந்து அதை விற்பதற்கு என் பேத்தி விட்டதே இல்லை. கென்யாவில் 2021இல் எடுத்த கணக்கின்படி 2,589 சிங்கங்கள் இருந்தன.

கண்ணி வைத்த கை

என் தாய்மாமா ஒருவர் ஊசுட்டேரியில் கண்ணி வைத்துச் சிறகி பிடித்தவர். எந்த மாதம் எந்தப் பறவை வரும், எந்தக் காற்றுக்கு எந்த மூலையில் ஒதுங்கும் என்று அவருக்கு அத்துப்படி. "பறவையைப் பத்தி புஸ்தகம் படிச்சவனுக்கு என்ன தெரியும்? பசியோட உக்காந்து பாத்தவனைக் கேளு" என்பார். அவர் போனபோது அவ்வளவு அறிவும் அவரோடு மண்ணுக்குப் போனது.

நமீபியாவில் அப்படி விடவில்லை. அந்த நாட்டின் வடமேற்கு வறண்ட பகுதியில் 1980களின் தொடக்கத்தில் பஞ்சமும் திருட்டு வேட்டையும் சேர்ந்து யானையையும் காண்டாமிருகத்தையும் ஏறக்குறைய துடைத்துவிட்டன. கார்த் ஓவன் ஸ்மித் என்ற பாதுகாவலர் ஊர்த் தலைவர்களிடம் போய் உட்கார்ந்து பேசினார். தலைவர்களே ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சமூகக் காவலர்களாக நிறுத்தினார்கள். அவர்களில் பழைய வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். மானுடவியலாளர் மார்கரெட் ஜேக்கப்சன் அவரோடு சேர்ந்து உழைத்தார். இருவருக்கும் 1993இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1996இல் சட்டம் திருத்தப்பட்டது. ஓர் ஊரோ பல ஊர்களோ சேர்ந்து எல்லை வரையறுத்து, உறுப்பினர் பட்டியல் எழுதி, விதிமுறை வகுத்து, குழுவைத் தேர்ந்தெடுத்தால், அந்த எல்லைக்குள் உள்ள காட்டுயிரை நிர்வகிக்கவும் அதனால் வரும் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை உண்டு. இதற்குக் 'கன்சர்வன்சி' என்று பேர். 1998இல் நான்கு தொடங்கின. இப்போது 86. நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குள் இருக்கிறது. 1995 வாக்கில் ஏழாயிரத்து ஐந்நூறு என்று கணக்கிடப்பட்ட யானைகள் பிறகு இருபதாயிரத்தைத் தாண்டின.

அங்கே நிலத்திலிருந்து யாரையும் கிளப்பவில்லை. மாடு மேய்கிறது, சோளம் விளைகிறது, யானையும் நடக்கிறது. விடுதிக் குத்தகையிலும் கைவினைப் பொருளிலும், அனுமதிக்கப்பட்ட வேட்டையிலும் பணம் வருகிறது. வேட்டை என்ற சொல்லே என் மனதை உறுத்துகிறது. அங்கேயும் அதைப் பற்றிக் கடும் வாதம் நடக்கிறது. ஆனால் அந்த முடிவை எடுப்பது அங்கே மாடு மேய்ப்பவர்களும் உட்காரும் கூட்டம் என்பதை நான் மதிக்கிறேன்.

தேன்கூடு, மிளகாய், கண்

பெரிய சட்டங்களை விட என் மனதில் ஒட்டிக்கொண்டவை சின்ன உத்திகள்.

யானை தேனீக்கு அஞ்சும். கென்யாவின் சாவோ பகுதியில் லூசி கிங் என்ற ஆய்வாளர் விவசாயிகளோடு சேர்ந்து, நிலத்தைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேன்கூட்டுப் பெட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டார். யானை உரசினால் கம்பி ஆடும், பெட்டி ஆடும், தேனீ கிளம்பும். யானை திரும்பிவிடும். காவலுக்குக் காவல், தேனுக்குத் தேன்.

தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் சாணத்தோடு மிளகாய்த்தூள் பிசைந்து, செங்கல் போலக் காயவைத்து, இரவில் நிலத்தோரம் புகைய விடுகிறார்கள். நெடி தாங்காமல் யானை விலகிப் போகிறது. வரட்டி தட்டத் தெரிந்த எந்தப் பெண்ணும் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்வாள்.

மூன்றாவதைப் படித்தபோது சத்தம் போட்டே சிரித்துவிட்டேன், சந்தோஷத்தில். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தில் மாடுகளின் பின்புறத்தில் இரண்டு பெரிய கண்களை வண்ணத்தில் வரைந்தார்கள். சிங்கம் பதுங்கி அடிக்கும் விலங்கு. தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றினால் பின்வாங்கும். நான்கு ஆண்டு சோதனையின் முடிவு 2020இல் வெளிவந்தது. கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றுகூடப் பதுங்கி அடிக்கும் விலங்குக்குப் பலியாகவில்லை. எதுவும் வரையாத 835 மாடுகளில் 15 போயின. வெறும் சிலுவைக்குறி போட்ட 543 மாடுகளில் 4 போயின. நாம் புது வீட்டில் தொங்கவிடும் பூசணிக்காயிலும் கழனிப் பொம்மை முகத்திலும் கண்ணை எவ்வளவு பெரிசாக வரைகிறோம்! கண்ணுக்குக் கண்தான் காவல் என்று நம் பாட்டிமார் நம்பியதற்கும் ஒகவாங்கோவின் மாட்டுக்கும் நடுவே ஒரு கடல்தான் இருக்கிறது.

பணம் எங்கே தங்குகிறது

ஆப்பிரிக்காவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். ஜிம்பாப்வேயில் 1989இல் தொடங்கிய 'காம்ப்ஃபயர்' திட்டம்தான் இந்த வழிக்கு முன்னோடி. உரிமை ஊருக்கு என்று சொல்லித் தொடங்கினார்கள். சட்டப்படி அது மாவட்ட மன்றத்தின் கைக்குத்தான் போனது. பல இடங்களில் பணம் அங்கேயே தங்கிவிட்டது. யானை மிதித்த சோளக்காட்டுக்காரர் கைக்கு வந்து சேர்ந்தது கொசுறு.

கென்யாவின் மாசாய் மாரா பகுதியில் பட்டா வைத்திருக்கும் குடும்பங்கள் நிலத்தைச் சேர்த்துச் சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் பெறுகின்றன. முறை வைத்து அங்கே மாடும் மேய்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2020இல் கொரோனா வந்து விமானம் நின்றதும் வருமானமும் ஆட்டம் கண்டது. வெளியூர்க்காரர் வந்தால்தான் சிங்கம் பிழைக்கும் என்றால், அது ஒற்றைக் காலில் நிற்கிற பந்தல். டான்சானியாவின் லொலியொண்டோவிலோ 2022இல்கூடக் காட்டுயிர் பேரைச் சொல்லி மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலத்தில் எல்லைக்கல் நட்டார்கள். தடுத்தவர்களோடு காவல்துறை மோதியது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு எனக்கென்று ஒரு அளவுகோல் எடுத்துக்கொண்டேன். ஓர் ஊரில் காட்டுயிர் நிலைக்குமா என்று அறிய மூன்று கேள்வி போதும். நட்டம் யாருக்கு? பயன் யாருக்கு? முடிவு எடுப்பது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த உயிர் பிழைக்கும். நட்டத்துக்கு ஒருவர், பயனுக்கு இன்னொருவர், முடிவுக்கு மூன்றாமவர் என்றால், என்றாவது ஒரு நாள் வரப்பில் குருணை மருந்து விழும்.

நம்மிடம் இருந்ததுதான்

இந்தப் பாடத்தைக் கற்க நாம் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் 1798இலேயே ஆங்கிலேய கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய், ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டதுதான் காரணம். பறவை அழகு என்று மட்டும் அவர்கள் போகவில்லை. கடப்ப மரங்களில் கூடு கட்டிய ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த கழனிக்குத் தனியாக எரு வேண்டாம். பயன் அவர்களுக்கு. ஆகவே காவலும் அவர்களே.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், குஞ்சுகள் மிரளக் கூடாது என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும். கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்துவிடுவார்கள். அதே மாவட்டத்தில் தாமிரபரணிக் கரைத் திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றிய மரங்களில் பறவைகள் அடைகின்றன. ஊர்மக்கள் விரும்பிக் கேட்டதால் அந்தச் சிறு இடம் 2005இல் தமிழ்நாட்டின் முதல் 'பாதுகாப்புக் காப்பகம்' ஆனது.

அது என்ன பாதுகாப்புக் காப்பகம்? 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம் இரண்டு புதிய வழிகளைத் திறந்தது. அரசு நிலமானால் ஊர்மக்களைக் கலந்து பாதுகாப்புக் காப்பகம் அமைக்கலாம். ஊருக்கோ தனியாருக்கோ சொந்தமான நிலமானால் அவர்களே முன்வந்து 'சமுதாயக் காப்பகம்' கேட்கலாம். பாதுகாப்புக் காப்பகத்தின் குழுவில் அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்தின் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. நமீபியச் சட்டம் கொடுத்த அளவு உரிமை இல்லைதான். ஆனாலும் நாற்காலி போட்டிருக்கிறது.

ஊசுட்டேரியும் பாகூரேரியும்

இனி என் இரண்டு ஏரிகளுக்கு வருகிறேன். ஊசுட்டேரி பாதி புதுச்சேரியிலும் பாதி விழுப்புரம் மாவட்டத்திலுமாக எழுநூறு ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வந்து நிரம்பும். கூழைக்கடா, பாம்புத்தாரா, கரண்டிவாயன், நாமக்கோழி, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்து என்று ஏரி கலகலப்பாக இருக்கும். புதுச்சேரிப் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு தமிழ்நாடும் தன் பகுதியை அறிவித்தது. பாகூரேரிக்குத் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. பேரிலேயே குருவியை வைத்திருக்கிற குருவிநத்தமும் பரிக்கல்பட்டும் சேலியமேடும் புதுச்சேரியின் நெற்களஞ்சியமாக இருப்பது இந்தத் தண்ணீரால்தான்.

இரண்டும் விவசாயிக்காக வெட்டப்பட்ட ஏரிகள். பறவை வந்தது பிறகு. கழனி இல்லாவிட்டால் ஏரியைக் கட்டிக் காக்க ஆள் இருக்காது. ஏரி தூர்ந்து மனையாகிவிட்டால் பறவை எங்கே உட்காரும்? பறவையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ஏரிக்குக் கீழே நெல் வைக்கிறவர் நெல் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கம் வாத்துக்காரர்கள் வருவார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகளைக் கழனி கழனியாக ஓட்டிப் போய் உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் மேயவிடுவார்கள். இரவில் வலை கட்டி அடைப்பார்கள். விடியலில் முட்டை பொறுக்குவார்கள். போன நவரைக்கு முன் வந்தவரை வரப்பில் சந்தித்தேன். கழனிக்காரரைப் பார்த்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி வாடகை பற்றியதாக இருக்கவில்லை.

"ஏம்மா, கழனிக்கு மருந்து போட்டீங்களா?"

மருந்து போட்ட கழனியில் ஒரு மணிநேரம் மேய்ந்தால் அவர் பிழைப்பு முடிந்தது. வாத்து மேய்ப்பவரும் நத்தை குத்தி நாரையும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள் என்று அன்று புரிந்தது. நம் ஊரின் மேய்ப்பர் இவர்தான். பறவைக் காவலுக்குக் கூட்டம் போட்டால், முதல் வரிசையில் உட்கார வேண்டியவரும் இவர்தான்.

ஆனால் கூட்டத்தை யார் போடுவது? பாதுகாப்புக் காப்பகக் குழுவுக்குச் சட்டம் பஞ்சாயத்துப் பிரதிநிதியைக் கூப்பிடுகிறது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு வருடக்கணக்காகக் கொம்யூன்களை அதிகாரிகளே நடத்துகிறார்கள். நாற்காலி இருக்கிறது, உட்கார எங்கள் ஊரில் ஆள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மயில் தின்ன நெல்லுக்கு யாரிடம் போவேன் என்று என் மாணவர் கேட்டாரே, அந்தக் கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலைக் கேட்பது பறவைகளுக்காகக் கேட்பதும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம்பிக்கை தர ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு 1999இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம், புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளுக்கும் பயனாளிகள் சங்கம் என்ற எண்ணத்தைக் கொண்டுவந்தது. நிலம் உள்ளவர் மட்டுமில்லாமல் நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் அதில் இடம் கேட்டார்கள். திட்டம் முடிந்து வருடங்கள் போய்விட்டன. சில ஊர்களில் சங்கம் மூச்சு விடுகிறது, சில ஊர்களில் பேர் மட்டும் இருக்கிறது. மதகு எப்போது திறப்பது, ஏரியில் குஞ்சுகளுக்கென்று எவ்வளவு தண்ணீர் நிறுத்துவது, மருந்து எந்த வாரம் வேண்டாம் என்பதையெல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேறு இடம் எங்களுக்கு இல்லை. அதற்கு உயிர் கொடுத்தால் போதும். நமீபியாவின் கன்சர்வன்சி தொடங்கியதும் ஒரு மரத்தடிப் பேச்சில்தான்.

எண்பது பக்க நோட்டு

நமீபியாவின் காவலர்கள் கையில் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. எந்த நாள், எந்த விலங்கு, எந்த நிலம், என்ன சேதம் என்று அவர்கள் கையாலேயே எழுதுவார்கள். அந்தப் புத்தகம் அதிகாரி வீட்டுக்குப் போகாது. ஊரிலேயே இருக்கும். ஆண்டுக் கடைசியில் அதை வைத்துத்தான் கூட்டம் நடக்கும். இதைப் படித்த அன்று சாயங்காலமே கடையில் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என் பழைய மாணவர் வீட்டுக்குப் போனேன்.

முதலில் அவர் தயங்கினார். எழுதினால் யார் பார்ப்பார் என்று கேட்டார். நாம் பார்ப்போம் என்றேன். பக்கத்துப் பக்கத்துக் கழனிக்காரர்கள் ஏழு குடும்பம் பேசி முடித்தோம். நாற்றங்கால் விட்ட நாளிலிருந்து இருபது நாளைக்கு விடியலிலும் சாயங்காலத்திலும் முறை வைத்துக் காவல். எங்கள் ஏழு கழனிக்குள் குருணை மருந்தைத் தீனியோடு கலப்பதில்லை. அதையும் மீறி யாருக்காவது பயிர் போனால், அறுவடையில் ஆளுக்கு ஒரு மரக்கால் நெல் அவருக்கு. அந்தக் காலத்தில் களத்தில் தூற்றி முடித்ததும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் நீர் பாய்ச்சியவருக்கும் பங்கு அளந்த பிறகுதான் நெல் வீட்டுக்கு வரும். வாசலில் குருவிக்கென்று ஒரு கதிர்க்கொத்து தொங்கும். பறவைக்குப் பங்கு கொடுப்பது நமக்குப் புதிதா என்ன?

மற்ற ஆறு பேரின் ஆறு மரக்கால் நெல் ஒரு நாற்றங்கால் நட்டத்துக்கு ஈடாகாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அரசாங்கம் கொடுக்க வேண்டியது அரசாங்கம் கொடுக்க வேண்டியதுதான், அதைக் கேட்பதை நாங்கள் நிறுத்தப் போவதில்லை. ஆனால் போன சம்பாவில் மயில் இறங்கியபோது அவர் கடைக்குப் போகவில்லை. நோட்டை எடுத்தார். மூன்றாம் வகுப்பில் நான் பழக்கிய அதே சாய்ந்த கையெழுத்தில் எழுதினார்: மயில் ஐந்து, விடியற்காலை, வடக்கு நாற்றங்கால், கால் பங்கு சேதம்.

அதற்கு அடுத்த வரியை நான் சொல்லித் தரவில்லை. நத்தை குத்தி பன்னிரண்டு, தெற்குக் கழனி, சேதம் இல்லை என்று அவரே எழுதியிருந்தார்.